உதைக்கும் துப்பாக்கிக்கு வாயுவே கடிவாளம்

தோட்டத்தில் ஓஸ் பைப்பைத் தரையில் போட்டுவிட்டு மோட்டாரைப் போட்டால், அதன் முனை பாம்பு போலத் துள்ளும். தண்ணீர் முன்னால் சீறுவதற்கு ஈடாகக் குழாய் பின்னால் தள்ளப்படுகிறது. ரிவால்வர் சுடுபவரின் மணிக்கட்டையும் நியூட்டனின் இந்த மூன்றாம் விதிதான் பதம் பார்க்கிறது.

அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 2003இல் ‘மாடல் 500’ என்ற ரிவால்வரை வெளியிட்டது. ஐந்து தோட்டாக்கள் கொள்ளும். நீண்ட குழல் கொண்ட வகையின் எடை 2 கிலோ. கைத்துப்பாக்கி என்று சொல்லக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. இதில் சுமார் 23 கிராம் குண்டு, விநாடிக்கு 600 மீட்டர் வேகத்தில் பறக்கும். யாரும் பிடிக்காமல் விட்டால் துப்பாக்கி மணிக்கு ஏறத்தாழ 29 கி.மீ. வேகத்தில் பின்னால் பாயும்.

இந்த உதைக்குக் குண்டு மட்டும் காரணமல்ல. தோட்டாவில் உள்ள சுமார் 2.5 கிராம் வெடிமருந்து எரிந்து வாயுவாகிறது. அந்த வாயு, குண்டைவிட ஒன்றரை மடங்கு வேகத்தில் குழல்வாயிலிருந்து பீறிடுவதாக வைத்துக்கொண்டால், மொத்த உந்தத்தில் ஏழில் ஒரு பங்கு அதனுடையது. ராக்கெட்டைத் தள்ளும் அதே வேலைதான்.

குண்டின் பங்கில் கை வைக்க முடியாது. அது முன்னால் போய்த்தான் ஆகவேண்டும். வாயுவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. குழல்வாயில் பொருத்தப்படும் ‘மசில் பிரேக்’ இந்த இடைவெளியில்தான் புகுந்துகொள்கிறது. பக்கவாட்டுத் துளைகள் வழியாக வாயு திசைமாறி வெளியேறினால் பின்னோக்கிய தள்ளல் குறையும். ஏழில் ஒரு பங்கு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் உதையின் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வாயு முழுவதையும் பக்கவாட்டில் திருப்ப முடிந்தால், உதையின் ஆற்றலில் கால்வாசிக்குமேல் போய்விடும். நடைமுறையில் ஒரு பகுதி வாயு குண்டின் பின்னாலேயே ஓடிவிடுகிறது என்பதால் பலன் அதைவிடக் குறைவு.

துளைகளை மேல்நோக்கி வைத்தால் இன்னொரு லாபம். ரிவால்வரின் குழல் பிடிக்கும் கையைவிட உயரத்தில் இருப்பதால், ஒவ்வொரு வெடிக்கும் அதன் மூக்கு மேலே எகிறும். மேலே பீறிடும் வாயு மூக்கைக் கீழே அழுத்துகிறது. தனிக் கருவி எதுவும் இல்லாமல், குழலிலேயே மின்பொறியால் அரித்துத் துளையிடும் முறையும் உண்டு.

முள்ளை முள்ளால் எடுக்கும் வித்தை இது. எனவே முள் பெரிதாக இருந்தால்தான் எடுபடும். மருந்து குறைந்த சிறு தோட்டாவில் திருப்பிவிட வாயு ஏது? அங்கே பிரேக் மாட்டுவது பெரும்பாலும் அழகுக்குத்தான்.

வாயுவை வீணாக்குவதில் ரிவால்வர் ஏற்கெனவே ஊதாரி. சுழலும் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே 0.1 முதல் 0.2 மி.மீ. வரை இடைவெளி இருக்கும். அதன் வழியே பக்கவாட்டில் சீறும் வாயு, அருகில் வைத்த விரலைக் கிழித்துவிடும். ரஷ்யாவின் 1895 நாகன் ரிவால்வரில், குண்டு வெடிக்கும் முன்பே சிலிண்டர் முன்னால் நகர்ந்து இந்த இடைவெளியை அடைத்துவிடும்.

பிரேக்குக்கு விலையும் உண்டு. அதைக் கொடுப்பது காது. முன்னால் போக வேண்டிய வெடியோசை பக்கவாட்டில் திரும்புவதால், சுடுபவரைவிட அடுத்த மேடையில் நிற்பவருக்கு அதிக எரிச்சல். இருட்டில் மேல்துளைகளிலிருந்து எழும் தீநாக்கு கண்ணைக் கூசவைக்கும். துப்பாக்கியை உடம்போடு ஒட்டிப் பிடித்துச் சுட்டாலோ, அந்தச் சூடான வாயு முகத்தை நோக்கியே வரும்.

இத்தாலிய வடிவமைப்பாளர் எமிலியோ கிசோனி வாயுவின் பக்கமே போகவில்லை. வழக்கமாக ரிவால்வர்கள் சிலிண்டரின் மேல் அறையிலிருந்து சுடும். அவர் கடைசியாக வடிவமைத்த ‘கியாப்பா ரைனோ’ கீழ் அறையிலிருந்து சுடுகிறது. உந்தம் ஒரு துளியும் குறையவில்லை. குழல் கைக்கு நேராக இறங்கிவிட்டதால், மூக்கு எகிறுவதற்குப் பதில் உதை நேரே உள்ளங்கையில் வந்து விழுகிறது.