பக்குவத்துக்கு எத்தனை மார்க்?

செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி 1965-ல் தொடங்கியது. அடுத்த ஐந்தே ஆண்டுகளில், அங்கே சேர வந்த பிள்ளைகளின் பக்குவத்தை அளக்கப்போய், உச்ச நீதிமன்றத்தில் அரசு குட்டு வாங்கியது.

1970-71 எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் பாட மார்க்குக்கு 200, நேர்முகத் தேர்வுக்கு 75. விளையாட்டு, என்.சி.சி., உடல் உறுதி, பொதுத் திறன், தொழிலில் நாட்டம் என்றெல்லாம் தலைப்பு பிரித்து அந்த 75-ஐப் போடச் சொல்லியிருந்தார்கள். சென்னையின் மூன்று கல்லூரிகளோடு செங்கல்பட்டும் சேர்ந்து ஒரு தொகுதி. தேர்வுக் குழுவினரோ தலைப்பு எதையும் பார்க்காமல் மொத்தமாக ஒரு மார்க் போட்டுவிட்டார்கள். அது செல்லாது என்று பெரியகருப்பன் வழக்கில் தீர்ப்பானது. ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி தொடர்பாக 1980-ல் தீர்ப்பான வழக்கில், இரண்டு மூன்று நிமிடத்தில் நேர்முகத் தேர்வை முடித்த கதையும் வெளியே வந்தது. பெண் பார்க்கப் போனால்கூட நாம் அதைவிட அதிக நேரம் உட்காருவோம்.

இன்று மருத்துவப் படிப்புக்கு நேர்முகத் தேர்வு இல்லை. நீட் மார்க் இருக்கிறது. சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். மேல் வரம்பை (பொதுப் பிரிவுக்கு 25) வழக்குகளுக்குப் பிறகு, 2022 மார்ச்சில் நீக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் ஒரு பட்டம் முடித்துவிட்டுத்தான் மருத்துவம் படிக்க வருகிறார்கள். நாம் பிளஸ் டூ முடித்த கையோடு அனுப்புகிறோம்.

அப்படியானால் வயதானவர்கள் வந்தால் நல்லதா? 2025-ல் தென்காசியைச் சேர்ந்த 49 வயது பிசியோதெரபிஸ்ட், மகளோடு சேர்ந்து நீட் எழுதி, விருதுநகர் அரசுக் கல்லூரியில் இடம் பெற்றார். வலியோடு வருகிறவரிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022-ல் தருமபுரியைச் சேர்ந்த 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வரை வந்துவிட்டு, மகன் சொன்னதைக் கேட்டு, இளையவர்களுக்காக ஒதுங்கிக்கொண்டார். அந்தக் கலந்தாய்வு அரங்கிலேயே பக்குவமானவர் அவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவரோ டாக்டராகவில்லை.

வயதும் அனுபவமும் ஒன்றல்ல என்பதற்கு மாமல்லபுரம் போனால் போதும். 1957-ல் தொடங்கிய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. பட்டறையில் வளர்ந்த பையனுக்கு 17 வயதிலேயே உளி பிடித்துப் பல வருடம் ஆகியிருக்கும். எந்த இடத்தில் ஓங்கி அடித்தால் கல் தெறிக்கும் என்பது அவன் கைக்குத் தெரியும். பக்கத்தில் நிற்கும் 30 வயதுக்காரருக்கு அது புதுசு.

டாக்டருக்கான பட்டறை நோயாளியின் வீடு. அது இப்போது முதலாண்டிலேயே திறந்துவிடுகிறது. குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் கிராமத்தில் சில குடும்பங்களை ஒப்படைக்கிறார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கப் போன வீட்டுக்கே படிப்பு முழுக்கத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று திண்ணையில் உட்கார்ந்து ஒரு பாட்டியிடம் கேட்க வேண்டும். முதல் தடவை பாட்டி பதில் சொல்ல மாட்டார்.