நூலகத்துக்கு ஒரு வெள்ளோட்டம்

(ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த எபிசோடுல நூலகங்களைப் பற்றிப் பேசப் போறேன். ஒரு சின்ன ஊர் நூலகத்துல புதுசா ஒரு டிஜிட்டல் சேவை கொண்டுவரணும்னா எங்கிருந்து ஆரம்பிக்கணும், அதை எப்படிச் சோதிச்சுப் பார்க்கணும்ங்கிறதுதான் விஷயம். பொதுவா 'ஒரு ஊர்'னு சொன்னா ஒண்ணும் பிடிபடாது. அதனால எங்க ஆரம்பாக்கத்தையே எடுத்துக்கலாம்.

ஊர் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே வந்தா, கும்மிடிப்பூண்டி, எளாவூர் தாண்டி, தமிழ்நாடு முடியுற இடம். ரயிலில் அடுத்த ஸ்டேஷன் தடா, அது ஆந்திரா. கிழக்குப் பக்கம் பழவேற்காடு ஏரி. தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், வடக்கே எல்லை தாண்டி ஸ்ரீசிட்டி. அதனால ஒரே டீக்கடையில தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா நாலும் காதுல விழும்.

'டிஜிட்டல்'னா கம்ப்யூட்டர் வாங்குறதா?

நூலகத்தை நவீனமாக்கணும்னு யாராவது சொன்னா, உடனே நமக்கு நாலு கம்ப்யூட்டர், ஒரு வைஃபை, முடிஞ்சா ஒரு ஆப், இதுதான் தோணும். பொருளை வாங்கிடறோம். அப்புறம் அது யாருக்குன்னு யோசிக்கிறோம். தூசி படாம துணி போர்த்தி வெச்ச கம்ப்யூட்டரைப் பல ஊர்ல நான் பார்த்திருக்கேன். கேட்டா 'ஆளுங்க வரமாட்டேங்கிறாங்க சார்'னு சொல்லுவாங்க. அவங்க சொல்றது பொய் இல்லை. ஆனா கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பாருங்க: வராதவங்க ஏன் வரலை?

இந்தக் கேள்வி புதுசு இல்லை. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931-ல் நூலகவியலின் ஐந்து விதிகளைப் புத்தகமா வெளியிட்டார். அதன் சாரத்தைச் சொன்னா: புத்தகம் பயன்படுத்துறதுக்கு, பூட்டி வைக்க இல்லை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்கணும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதன் வாசகர் கிடைக்கணும். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் வளர்ந்துகிட்டே இருக்கிற ஓர் உயிர். இந்த ஐந்துல எதையும் கம்ப்யூட்டர் வந்ததால மாத்த வேண்டியிருக்கலை.

மாட்டுவண்டியும் ஒரு பைலட்தான்

அதே 1931-ல் மன்னார்குடி பக்கத்துல மேலவாசலில் ஒரு காரியம் நடந்தது. எஸ். வி. கனகசபை பிள்ளை என்பவர் ஒரு மாட்டுவண்டியில் புத்தகங்களை அடுக்கி, சுத்துப்பட்டு கிராமங்களுக்கு அனுப்ப ஆரம்பிச்சார். நடமாடும் நூலகம். நூலகத்துக்கு நடந்து வர முடியாதவங்க இருக்காங்க, அப்ப நூலகம் நடக்கட்டும். அவ்வளவுதான் யோசனை.

இதை ஏன் சொல்றேன்னா, நல்ல பைலட்டுக்கு வேண்டிய லட்சணம் எல்லாம் இதுல இருக்கு. தடை எதுன்னு தெளிவா தெரியும்: தூரம். கருவி கையில இருக்கிறதுதான்: வண்டியும் மாடும். எல்லை சின்னது: சுத்தியிருக்கிற கிராமங்கள். பலனைப் பார்க்க ஆராய்ச்சி வேண்டாம்: புத்தகம் போகுதா, திரும்பி வருதா, அடுத்த முறை வண்டிக்காகக் காத்திருக்காங்களா?

நம்ம ஊர்ல இதுக்கு ஒரு நல்ல வார்த்தை இருக்கு: வெள்ளோட்டம். புதுத் தேர் செஞ்சா, சாமியை ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு முறை வீதியில இழுத்துப் பார்ப்பாங்க. எந்தத் திருப்பத்துல சக்கரம் பிடிக்குது, எந்தக் கம்பி இடிக்குதுன்னு அப்பதான் தெரியும். பைலட்டும் அதுக்குத்தான். ரிப்பன் வெட்டுறதுக்கு இல்லை.

எங்க ஊர்ல சக்கரம் எங்கே பிடிக்குது?

ஆரம்பாக்கத்துல நூலகத்துக்கு வெளியில நிக்கிறவங்கன்னு யோசிச்சா, எனக்கு மூணு பேர் தெரியறாங்க.

முதலாவது, ஷிப்டு வேலைக்குப் போறவர். நூலகம் திறந்திருக்கிற நேரத்துல அவர் கம்பெனியில இருப்பார், இல்லைன்னா நைட் ஷிப்டு முடிச்சுத் தூங்கிட்டு இருப்பார். டிஎன்பிஎஸ்சி எழுதணும்னு ஆசை இருக்கும். அவருக்குத் தடை நேரம்.

இரண்டாவது, அச்சு எழுத்தைப் படிக்க முடியாதவர். பார்வையில்லாத கல்லூரி மாணவி, கண் மங்கின பெரியவர். இவங்களுக்குத் தடை புத்தகத்தோட வடிவம்.

மூணாவது, வேற லிபி படிக்கிறவர். வீட்ல தெலுங்கு பேசற குடும்பங்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள். அலமாரியில அவங்க எழுத்துல புத்தகம் கிடைக்கிறது கஷ்டம்.

மூணு தடைக்கும் ஒரே ஆப் போட்டுச் சரி பண்ண முடியாது. அதனால மூணையும் ஒரே சமயத்துல தொடக் கூடாது. ஒண்ணை எடுக்கணும்.

புத்தகம் இல்லாமலா?

'டிஜிட்டல்ல தமிழ்ப் புத்தகம் எங்க இருக்கு?'ன்னு ஒரு கேள்வி வரும். நிறைய இருக்கு. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று ஆரம்பிச்சது. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு, ஏறத்தாழ 97,000 புத்தகங்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாச்சு. ஈழத்து எழுத்தைச் சேகரிச்சு இணையத்துல வெக்கிற நூலகம் திட்டம் 2005-ல் வந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்னூலகம் நடத்துது. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கின எழுத்தாளர்களின் நூல்களை யார் வேணும்னாலும் பயன்படுத்தலாம். மத்த நூல்களுக்கு இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு ஆகணும்.

அப்ப சிக்கல் எங்கே? இந்தப் பக்கங்கள்ல பெரும்பாலும் இருக்கிறது ஸ்கேன் பண்ணின படம். கண்ணுக்கு எழுத்து மாதிரி தெரியும். ஆனா கம்ப்யூட்டருக்கு அது ஒரு போட்டோ. அதைத் தேட முடியாது. ஃபோன்ல எழுத்தைப் பெரிசாக்கினா வரி திரைக்கு வெளியே ஓடும். பார்வையில்லாதவங்க பயன்படுத்துற திரைவாசிப்பான், என்விடிஏ மாதிரி மென்பொருள், அந்தப் பக்கத்துக்கு வந்ததும் மௌனமாயிடும். பழைய கோப்புகள்ல இன்னொரு தொல்லை: யூனிகோடு வர்றதுக்கு முன்னாடி பாமினி, டிஸ்கின்னு ஆளுக்கொரு எழுத்துரு முறை. தமிழ்நாடு அரசு 2010-லதான் யூனிகோடை ஏத்துக்கிட்டது.

சட்டம் இதுல நம்ம பக்கம்தான் இருக்கு. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவத்துல லாப நோக்கமில்லாம பிரதி செய்யலாம்னு வழி விட்டாங்க. இதே நோக்கத்தோட வந்த உலக ஒப்பந்தம் மராகேஷ் உடன்படிக்கை. அதை 2014-ல் முதல்ல ஏற்று உறுதி செஞ்ச நாடு இந்தியா. 2016-ல் 'சுகம்ய புஸ்தகாலயா'ன்னு இணைய நூலகமும் வந்தாச்சு. ஆனா அந்தச் சட்டமும் அந்த நூலகமும் இருக்குன்னு ஊர்ல இருக்கிற மாணவிக்கு யார் சொல்றது? உறுப்பினர் பதிவை யார் செஞ்சு கொடுக்கிறது? நூலகர் செய்ய வேண்டிய 'டிஜிட்டல் சேவை' இதுதான். இதுக்குப் புது மென்பொருள் எழுத வேண்டாம்.

ஒரு வெள்ளோட்டம் எப்படி இருக்கும்?

நான் செய்யச் சொன்னா, முதல்ல இரண்டாவது ஆளை எடுப்பேன். எண்ணிக்கை குறைவுதான். ஆனா அவருக்கு வேற வழியே இல்லை.

ஏற்கெனவே இருக்கிற ஒரு கம்ப்யூட்டர்ல திரைவாசிப்பானைப் போடணும், அது இலவசம். ஒரு ஹெட்ஃபோன். மூணு மாசம். அஞ்சு வாசகர். அவங்க கேட்கிற புத்தகத்தைக் கேட்கிற வடிவத்துல எத்தனை நாள்ல கொடுக்க முடிஞ்சதுன்னு ஒரு நோட்டுல எழுதணும். எத்தனை பேர் வந்தாங்கங்கிற கணக்கு மட்டும் போதாது. கேட்டுக் கிடைக்காத புத்தகங்களோட பட்டியல்தான் முக்கியம். அடுத்து என்ன செய்யணும்னு அந்தப் பட்டியலே சொல்லிடும்.

மூணாவது ஆளுக்கு வேற கருவி. கிவிக்ஸ்னு ஒரு மென்பொருள் இருக்கு. தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா விக்கிப்பீடியாக்களை மொத்தமா இறக்கி, உள்ளங்கை அளவு ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டர்ல வெச்சுட்டா, இணையமே இல்லாம பக்கத்துல இருக்கிற ஃபோன்ல படிக்கலாம். டேட்டா செலவு கிடையாது. அதை நூலகத்துக்குள்ள வெக்காம, தொழிலாளர் தங்குற விடுதியில வெச்சுப் பாருங்க. மாட்டுவண்டி மாதிரிதான், நூலகம் அங்க போகுது. முதல் ஆளோட நேரத் தடையும் இதுல கொஞ்சம் குறையும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மூணு விஷயத்தை எழுதி வெச்சுக்கணும். என்ன நடந்தா தொடரணும்? என்ன நடந்தா நிறுத்தணும்? தொடர்ந்தா, இதை யார் தன் வேலையா செய்வாங்க? பல பைலட்டுகள் செத்துப்போறது மூணாவது கேள்வியிலதான். ஆர்வமான ஒருத்தர் இருக்கிற வரைக்கும் நடக்கும், அவருக்கு மாறுதல் வந்ததும் துணி போர்த்திடுவாங்க. அதனால வெள்ளோட்டத்துலயே இரண்டாவது ஆளுக்கும் பழக்கிடணும். பாஸ்வேர்டிலிருந்து படிவம் வரைக்கும் ஒரு பக்கத்துல எழுதி நூலகத்துலயே வெக்கணும்.

நிறுத்துறது தோல்வி இல்லை. வெள்ளோட்டத்துல சக்கரம் பிடிச்சா தச்சரைக் கூப்பிடுவோம். திருவிழா அன்னிக்குப் பிடிச்சாதான் ஆபத்து.

கடைசியா ஒண்ணு. 1948-ல் சுதந்திர இந்தியாவிலேயே முதல்ல நூலகச் சட்டம் கொண்டு வந்தது நம்ம மாகாணம்தான். அதன்படி சொத்து வரியோட சேர்த்து நூலக வரியும் கட்டுறோம். வரி ரசீதை எடுத்துப் பாருங்க, இருக்கும். அது நம்ம பணம். அதனால உங்க ஊர் நூலகத்துக்குப் போய், 'என்ன புதுசா வாங்கியிருக்கீங்க?'ன்னு கேட்காதீங்க. 'இந்த ஊர்ல யாருக்கு இன்னும் புத்தகம் போய்ச் சேரலை?'ன்னு கேளுங்க. பதில் தெரிஞ்சா எங்களுக்கு எழுதுங்க. இன்னொரு எபிசோடுல அதைப் பேசலாம்.