வெயிலில் பந்து விளையாடும் பிள்ளைகளும் தண்ணீரும்



கோடை விடுமுறையில் பல ஊர்களில் கால்பந்துப் பயிற்சி முகாம் நடக்கிறது. நம் பெண் பிள்ளைகளும் போகிறார்கள். 2018-லும் 2023-லும் தேசிய மகளிர் கால்பந்துக் கோப்பையை வாங்கியது தமிழ்நாட்டு அணிதான். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப் பந்து?" என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் ஏப்ரல், மே வெயிலில் ஓடுகிற உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெயில் பட்டுத்தான் உடம்பு சூடாகிறது என்று நினைக்கிறோம். அது பாதிதான் சரி. ஓடும்போது தசைகள் செலவழிக்கிற சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் ஓட்டத்துக்கு உதவும். மீதி எல்லாம் சூடு. அடுப்பு உள்ளேயே எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். இந்தச் சூட்டை வெளியேற்றத்தான் வியர்க்கிறது. மண்பானையில் கசிகிற தண்ணி காற்றில் காய்வதால் பானை குளிர்கிற மாதிரி, வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாமல் வழிந்து போய்விடும். அங்கே வெயில் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தாலும் ஆபத்து குறைவில்லை.

கடும் பயிற்சியில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை வியர்வை போகலாம். 40 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 800 மில்லி குறைந்தாலே ஓட்டம் தளரும், கவனம் சிதறும். "விளையாடும்போது தண்ணி குடிக்காதே, வயிறு பிடிச்சுக்கும்" என்று சில இடங்களில் இன்னும் சொல்கிறார்கள். இது தவறு. 2014-ல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பையில், நெதர்லாந்து - மெக்சிகோ ஆட்டத்தையே நிறுத்தி வீரர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை சில மடக்கு குடித்தால் போதும். அதற்காக ஒரேயடியாக லிட்டர் லிட்டராகக் குடிக்கவும் கூடாது, ரத்தத்தில் உப்பு நீர்த்துவிடும். வீட்டுக்கு வந்ததும் உப்புப் போட்ட மோர், நீராகாரம் கொடுக்கலாம். கடைக் கலர் வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பெண் பிள்ளைகள் பலர் தண்ணி பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறார்கள். ஏன் என்று கேட்டால் முதலில் சிரிப்பார்கள், பிறகு சொல்வார்கள்: "மைதானத்துல பாத்ரூம் இல்லக்கா." காலையிலிருந்தே குடிக்காமல் போகிற பிள்ளைகளும் உண்டு, மாதவிடாய் நாட்களில் இன்னும் மோசம். இந்தப் பிள்ளைகளிடம் "தண்ணி குடி, தண்ணி குடி" என்று சொல்லி என்ன பயன்? உங்கள் மகளிடம் சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது என்று கேளுங்கள். அடர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை.

முகாமின் முதல் வாரம்தான் அதிக ஆபத்து. உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவரை பயிற்சி குறைவாகவே இருக்கட்டும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் அனுப்பவே வேண்டாம்.

பிள்ளை தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால், மயங்கி விழுந்தால் அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். "வியர்க்குதே, ஒண்ணும் ஆகாது" என்று விடாதீர்கள், ஓடி விளையாடுபவர்களுக்கு வியர்த்துக்கொண்டிருக்கும்போதே இது வரும். உயிர் போகும் ஆபத்து. உடனே 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை சும்மா நிற்காமல் நிழலில் படுக்கவைத்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். தொட்டி இருந்தால் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கழுத்துவரை தண்ணீரில் வைக்கலாம். நினைவில்லாதவர் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டைக் குறைக்காது.

கழிப்பறை இல்லாத மைதானம் உங்கள் ஊரில் இருந்தால் குழுக் கூட்டத்தில் பேசித் தீர்மானம் எழுதுங்கள். மே 1 கிராம சபையில் அதை மனுவாகக் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லலாம். அதுவரை பக்கத்துப் பள்ளிக்கூடக் கழிப்பறைச் சாவியைப் பயிற்சி நேரத்தில் கொடுக்கும்படி தலைமையாசிரியரிடம் கேளுங்கள். நாலைந்து உறுப்பினர்கள் சேர்ந்தே போங்கள்.