டோர்னக்கலுக்குச் சென்ற நெல்லைத் தமிழர்

செகந்திராபாத்திலிருந்து விஜயவாடாவுக்கு ரயிலேறும் நம் அன்பர்கள் டோர்னக்கல் சந்திப்பைக் கண்டிருப்பார்கள். நம்மைப் போலப் பிழைப்பை நாடியன்று, திருத்தொண்டை நாடி 1909-இல் அவ்வூரில் குடிபுகுந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. தெலுங்கு கற்று அம்மக்களோடு ஒன்றியவர். (கடைத்தெருத் தெலுங்கோடு நின்றுவிட்ட நாம் சற்றே நாணத்தான் வேண்டும்.) 1912-இல் ஆங்கிலிகன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார்.

அவருடைய தொண்டுக்கு வித்திட்டோர் யாவர்? முதலில் அன்னையார். 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்த மகனை, பிறக்குமுன்னரே இறைபணிக்கு நேர்ந்துகொண்டவர் அவர். பின்னர் யாழ்ப்பாணத்துத் தமிழர். 1902-இல் அங்குச் சென்ற அசரியா, அவர்கள் தாமே பொருள் திரட்டித் தமிழகத்துக்கு ஊழியரை அனுப்புவதைக் கண்டார். ‘நாம் என்ன செய்தோம்?’ என்ற கேள்வி அவரை உறுத்தியது போலும். மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றிற்று. ஒய்.எம்.சி.ஏ. பணியில் தோழராய் வாய்த்தவர் அமெரிக்கரான ஷெர்வுட் எட்டி. இந்தியர் அத்தியட்சராவதற்கு எழுந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தாது வாதாடியவர் சென்னை அத்தியட்சர் வைட்ஹெட்.

எனினும் நன்றியுணர்வு அசரியாவை ஊமையாக்கவில்லை. 1910-இல் எடின்பரோ மாநாட்டில் மிஷனரிகளின் தியாகங்களைப் போற்றிய அதே வாயால், எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள் என்று வேண்டினார். கேட்டோரிற் சிலர் முகஞ்சுளித்தனர். எட்டியின் நட்பைச் சுவைத்தவராதலின், ஏனையோரிடமும் அதனைக் கேட்க அவருக்கு உரிமை இருந்தது என்பதே நம் கருத்து.