பாதிரியார் வளர்த்த பிடிவாதம்

'தி மாஸ்க்' படத்தில் ஜிம் கேரியோடு வரும் மைலோவைப் பார்த்து ஆசைப்பட்டு ஜாக் ரஸ்ஸல் டெரியர் வாங்கியவர்கள், சீக்கிரமே நல்ல ட்ரெய்னர் யார் என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். முழங்கால் உயரம்கூட இல்லாத நாய். எடை ஆறேழு கிலோ. மதில்மேல் அணில் ஓடினால் போதும், சாலையும் தெரியாது, எதிரே வரும் பைக்கும் தெரியாது. பெயர் சொல்லிக் கத்தினாலும் திரும்பாது. பிஸ்கட் உறையைப் பிரிக்கும் சத்தம் மட்டும் அடுத்த அறையிலிருந்தே கேட்கும்.

சொன்ன பேச்சு கேட்காத நாய் என்று பெயர் வாங்கிவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பேச்சுக் கேட்காமல் இருப்பதுதான் அதன் வேலையாகவே இருந்தது.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஜான் ரஸ்ஸல் (1795–1883) என்றொரு பாதிரியார். நரி வேட்டைப் பைத்தியம். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தபோது, 1819-இல், ஒரு பால்காரரிடம் டிரம்ப் என்ற பெண் நாயை வாங்கினார். அவருடைய டெரியர் வம்சம் அதிலிருந்துதான் தொடங்கியது. வேட்டை நாய்கள் துரத்தும்போது நரி வளைக்குள் புகுந்துகொள்ளும். டெரியர் பின்னாலேயே இறங்கி, குரைத்து நெருக்கி, அதை வெளியே கிளப்ப வேண்டும், கொல்லக் கூடாது. கொன்றுவிட்டால் வேட்டை ஏது? வளைக்குள் நுழைய வேண்டுமென்பதால் இரு கைகளால் சுற்றிப் பிடிக்கக்கூடிய சிறிய மார்பு. நரியென்று குழம்பாமலிருக்க வெள்ளை நிறம். மண்ணுக்கடியில், இருட்டில், எஜமானரின் குரல் எட்டாத இடத்தில் முன்னேறுவதா நிற்பதா என்று அந்தச் சின்ன மண்டைதான் முடிவெடுத்தாக வேண்டும். உத்தரவுக்குக் காத்திருக்கும் நாய் அங்கே எதற்கும் உதவாது.

அப்படியே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்த நாயை, சென்னைப் பூங்காவில் 'வா' என்றதும் வந்து நிற்கச் சொல்கிறோம்.

"சின்ன நாய்தானே சார், அவுத்து விடுங்க, பாவம்" என்பார்கள் வாக்கிங் வருபவர்கள். அவர்கள் பார்ப்பது கயிற்றை. நான் பார்ப்பது கேட்டுக்கு வெளியே போகும் ஷேர் ஆட்டோவை. தெருநாய்கள் கூட்டமாக நின்றாலும் இது போய் உறுமும். தன் அளவு அதற்குத் தெரியாது.

கழுத்துப்பட்டை வேண்டாம், ஹார்னஸ் நல்லது. பாய்கிற வேகமெல்லாம் கழுத்தில் இறங்காது. பட்டனை அழுத்தினால் நீண்டு சுருங்கும் லீஷை சாலையோரத்தில் நான் நம்புவதில்லை. கட்டைவிரல் ஒரு நொடி தாமதித்தால் நாய் நடுரோட்டில். ஆளில்லாத மைதானம் கிடைத்தால் பத்து மீட்டர் கயிறு போட்டு, அவசரப்படுத்தாமல் மோப்பம் பிடிக்க விடலாம். மூக்குக்கு வேலை கொடுத்தால் கால்கள் கொஞ்சம் அடங்கும். மொட்டை மாடியில் ஒரு தொட்டி நிறைய மணல் கொட்டித் தின்பண்டத்தைப் புதைத்து வைத்தால் ஆசைதீரத் தோண்டும். செம்பருத்திச் செடி பிழைக்கும்.

உண்மையான ஆபத்து பூங்காவில் இல்லை, வாசல் கதவில். திறந்த நொடியில் நழுவி ஓடிவிடும். அதனால் எங்கள் வீட்டில் பெல் அடித்தால் முதலில் நாயை அறைக்குள் விட்டுத் தாழ் போடுகிறோம், அப்புறம்தான் கதவு. அதற்குள் ஆளில்லை என்று குறித்துக்கொண்டு கூரியர்காரர் கிளம்பிவிடுவதும் உண்டு.