குழந்தைக்கு தலை நிற்கவில்லையா? ‘தானா சரியாயிடும்’ என்று மாதக்கணக்கில் காத்திருக்காதீங்க!

திருப்பூர்:-

"எதிர்வீட்டு பாப்பா 6 மாசத்துலயே உட்கார்ந்துடுச்சு. நம்ம பையனுக்கு 9 மாசம் முடிஞ்சிருச்சு, உட்கார வச்சா சாயுறானே..."

பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்கள் மதிய சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொள்ளும் கவலைகளில் இதுவும் ஒன்று. உடனே பக்கத்தில் இருப்பவர், "அதெல்லாம் ஒண்ணுமில்லைக்கா. ஆம்பளப்புள்ள எல்லாமே லேட்டாத்தான் செய்யும்" என்று ஆறுதல் சொல்வார். வீட்டுக்கு போனால் மாமியார், "உன் புருஷனும் ஒன்றரை வயசுலதான் நடந்தான்" என்பார். இந்த ஆறுதலில் பாதி சரிதான். மீதி பாதியை நம்பி உட்கார்ந்திருந்தால் குழந்தைக்கு ஆபத்து.

எதுவரை பொறுக்கலாம்?

எல்லா குழந்தையும் ஒரே மாதத்தில் உட்காராது, ஒரே மாதத்தில் நடக்காது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளின் வளர்ச்சியை கவனித்து 2006-ம் ஆண்டு ஒரு கணக்கை வெளியிட்டது. அதன்படி பிடிமானம் இல்லாமல் உட்காருவது ஏறக்குறைய 4 மாதம் முதல் 9 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். தனியாக நடப்பது 8 மாதம் முதல் 17½ மாதம் வரை போகலாம். அதாவது 10 மாதத்தில் நடக்கும் பக்கத்து வீட்டு பிள்ளையும் சரி, 15 மாதத்தில் நடக்கும் நம்ம வீட்டு பிள்ளையும் சரி. மண்டி போட்டு தவழாமலேயே எழுந்து நடந்த குழந்தைகளும் அந்த ஆய்வில் 100-க்கு 4 பேர் இருந்தார்கள்.

ஆனால் எல்லைக்கோடு என்று ஒன்று உண்டு. 4 மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை, 9 மாதம் முடிந்தும் உட்காரவில்லை, ஒரு வயதாகியும் எதையும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, ஒன்றரை வயதாகியும் தனியாக நடக்கவில்லை என்றால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக்கூடாது. டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். அவர் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சொன்னால் நிம்மதியாக திரும்பி வரலாம்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு கணக்கு வேறு. டாக்டர் குறித்த தேதிக்கு 2 மாதம் முன்னாலேயே பிறந்துவிட்ட குழந்தைக்கு இன்று 8 மாதம் என்றால், வளர்ச்சிக்கணக்கில் அதற்கு 6 மாதம்தான். 2 வயது வரை இப்படி கழித்துத்தான் பார்க்க வேண்டும். அதற்காக செக்கப்புக்கு போகாமல் இருந்துவிடக்கூடாது. இந்த குழந்தைகளைத்தான் கூடுதலாக கவனிக்க வேண்டும்.

வயசு கணக்கு பார்க்காதீங்க

சில அறிகுறிகளுக்கு மாதக்கணக்கே கிடையாது. தெரிந்த அன்றே கிளம்ப வேண்டும்.

ஜட்டி மாட்டும்போது குழந்தையின் கால்கள் விறைத்து கத்தரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொள்வது. தூக்கினால் ஈரத்துணி போல துவண்டு தொங்குவது. 4 மாதத்துக்கு பிறகும் கைகளை எந்நேரமும் இறுக்கி மூடியே வைத்திருப்பது. முகம் பார்த்து சிரிக்காதது, சத்தம் கேட்டு திரும்பாதது. நேற்று வரை செய்ததை இன்று மறந்துபோவது. இவை எல்லாமே எச்சரிக்கை மணி.

ஒரு வயதுக்கு முன்பே எதை நீட்டினாலும் ஒரு கையால் மட்டுமே வாங்கினால், "எங்க பாப்பா இடது கை பழக்கம்" என்று சந்தோஷப்படுகிறோம். அந்த வயதில் குழந்தை இரண்டு கையையும் பயன்படுத்த வேண்டும். மறு கையில் பலம் குறைவா என்று பார்ப்பது அவசியம்.

இன்னொன்று, தூங்கி எழும்போது தலையை வெட்டி வெட்டி முன்னால் சாய்த்து, கைகளை விரித்து, அடுத்தடுத்து பலமுறை துடிப்பது. "பயந்துடுச்சு" என்று திருநீறு போட்டு படுக்க வைக்கும் வீடுகள் உண்டு. இது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். திருநீறு போடுங்கள், ஆனால் அன்றே ஆஸ்பத்திரிக்கும் போய்விடுங்கள்.

காலில் மட்டும் கோளாறு இல்லை

நடக்கவில்லை என்றதும் எல்லோரும் காலைத்தான் பார்க்கிறார்கள். காலுக்கு உத்தரவு போடுவது மூளை. பிறந்ததும் அழாமல் மூச்சுத்திணறிய குழந்தை, கடுமையான மஞ்சள் காமாலை வந்த குழந்தை, மூளைக்காய்ச்சல் வந்த குழந்தை ஆகியோருக்கு மூளை முடக்குவாதம் ஏற்படலாம். இதை முழுவதும் குணமாக்க மருந்து இல்லை. ஆனால் முதல் 2 வயதில் மூளை வேகமாக வளர்வதால், அப்போதே பயிற்சி தொடங்கினால் பலன் அதிகம். வீணாகும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம்தான்.

இன்னும் வேதனையானது, மாத்திரையில் சரியாக வேண்டிய கோளாறு காத்திருந்ததால் முற்றிப்போவது. தைராய்டு சுரப்பு இல்லாமல் பிறக்கும் குழந்தை அதிகம் அழாது, எந்நேரமும் தூங்கும், மலச்சிக்கல் இருக்கும், நாக்கு தடித்து தெரியும். "சமத்துப்புள்ள, தொந்தரவே இல்லை" என்று வீட்டில் பாராட்டிக்கொண்டு இருப்பார்கள். பிறந்த சில நாட்களிலேயே ரத்தப்பரிசோதனையில் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தால் மற்ற குழந்தைகள் மாதிரியே வளரும். விட்டுவிட்டால் அறிவுத்திறன் பாதிக்கப்படும், பிறகு எந்த மருந்தாலும் அதை மீட்க முடியாது.

தாய்க்கு வைட்டமின் பி12 சத்து ரொம்ப குறைவாக இருந்தால், தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தையும் மந்தமாகி, சிரிப்பை மறந்து, கை நடுங்க ஆரம்பிக்கலாம். ரத்தசோகை, வைட்டமின் டி குறைவும் குழந்தையை பின்னுக்கு இழுக்கும். இவற்றுக்கெல்லாம் மருந்து இருக்கிறது.

வாக்கர் வேண்டாம்

"நடக்கலைன்னா ஒரு வாக்கர் வாங்கிப்போடு" என்பது அடுத்த யோசனை. நடுவில் உட்கார வைத்து உருட்டிவிடும் வட்ட வாக்கர் நடையை சீக்கிரம் கொண்டு வராது, தள்ளிப்போடும். படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபடும் ஆபத்தும் உண்டு. கனடா நாட்டில் 2004-ம் ஆண்டே இதன் விற்பனைக்கு தடை போட்டுவிட்டார்கள். நம்மூர் மரத்தச்சர் செய்யும் நடைவண்டி அப்படி இல்லை. நிற்க தெரிந்த பிள்ளைதான் அதை பிடித்து தள்ளும்.

மண்ணில் புதைத்தால் கால் வரும் என்ற நம்பிக்கையும் சில ஊர்களில் இருக்கிறது. கர்நாடக மாநிலம் கலபுரகி மாவட்டத்தில் 2019 டிசம்பர் 26-ந்தேதி சூரிய கிரகணத்தின்போது மாற்றுத்திறனாளி குழந்தைகளை கழுத்தளவு மண்ணில் புதைத்தது பரபரப்பை ஏற்படுத்தியது. குழந்தைகள் வீறிட்டு அழுததுதான் மிச்சம்.

வீட்டில் செய்ய வேண்டியது செலவில்லாத வேலை. குழந்தையை நாள் முழுக்க தூளியிலேயே போட்டு வைக்காமல், விழித்திருக்கும்போது பாயில் குப்புற போட்டு முன்னால் கிலுகிலுப்பை ஆட்டுங்கள். நகர ஆரம்பிக்காத குழந்தைக்கு ஒரு நாளைக்கு மொத்தம் அரைமணி நேரமாவது இது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். தூங்கும்போது மல்லாக்கத்தான் போட வேண்டும்.

எங்கே போவது?

புதன்கிழமை தடுப்பூசிக்கு போகும்போதே நர்சம்மாவிடம் கேட்டுவிடலாம். கையில் கொடுத்திருக்கும் தாய்-சேய் அட்டையிலேயே எந்த மாதம் குழந்தை என்ன செய்யும் என்று படம் போட்டிருக்கிறது. ஊசி தேதி பார்க்க மட்டும் அதை திறக்கிறோம்.

2013-ம் ஆண்டு தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத்திட்டத்தில் டாக்டர் குழு அங்கன்வாடிகளுக்கே வந்து பரிசோதிக்கிறது. சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி அல்லது மாவட்ட தலைமை ஆஸ்பத்திரியில் செயல்படும் இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். டாக்டர், பிசியோதெரபி எல்லாம் இலவசம். ஒருநாள் போனால் ஒருநாள் சம்பளம் போகும் என்பது உண்மைதான். அதனால் தினமும் செய்ய வேண்டிய பயிற்சியை அம்மாவுக்கோ பாட்டிக்கோ அங்கேயே கற்றுத்தரச்சொல்லி கேளுங்கள். குழந்தையை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு செல்போனில் மட்டும் முகம் பார்ப்பவர்கள், மாதம் ஒருமுறையாவது தரையில் விட்டு வீடியோ எடுத்து அனுப்பச்சொல்ல வேண்டும்.

போகும்போது பிரசவ ஆஸ்பத்திரி கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை, குழந்தை துடிப்பதை எடுத்த வீடியோ இருந்தால் அதையும் கொண்டு போங்கள். சொந்தத்தில் கல்யாணமா, முந்தைய குழந்தை தவறியதா என்று டாக்டர் கேட்பார். பரம்பரை நோய் இருக்கிறதா என்று பார்க்கத்தான் கேட்கிறார், பழி போட இல்லை. மறைக்காமல் சொல்லிவிடுங்கள். "கிரகணத்துல வெளிய போனியா?" என்று தாயை குடையும் உறவினர்களுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டியதில்லை.