ஐந்து கிலோவாட் தீவு

அனல், அணு, நீர், காற்று, சூரிய மின் நிலையங்கள் பலவற்றையும் கோடிக்கணக்கான வீடுகளையும் தொழிற்கூடங்களையும் உயரழுத்தக் கம்பிகளால் பிணைத்து வைத்திருக்கும் பேரமைப்பே மின்தொகுப்பு எனப்படுகிறது. உற்பத்தியாகும் மின்சாரத்தை ஊர்தோறும் கொண்டு சேர்ப்பதோடு, ஒவ்வொரு நொடியும் உற்பத்தியும் நுகர்வும் ஒன்றுக்கொன்று சமமாக இருக்கும்படி காக்கும் கடினமான பணியையும் அதுவே செய்கிறது. ஒரு வீட்டில் ஒரு விளக்கைப் போட்டால் எங்கோ தொலைவில் ஒரு நிலையம் அந்த அளவுக்குக் கூடுதலாக உழைத்தாக வேண்டும் என்பதை நுகர்வோர் எவரும் எண்ணிப் பார்க்கத் தேவையில்லாதபடி அந்தச் சமநிலை கண்ணுக்குத் தெரியாமல் காக்கப்படுகிறது. தொகுப்புக்கு வெளியே வாழ முற்படுவோர் இந்தப் பணியைத் தாமே ஏற்றுக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் மொட்டைமாடியில் சூரியத் தகடுகளைப் பதித்து, உபரி மின்சாரத்தை மின்வாரியத்தின் கம்பிக்கு அனுப்பும் வீடுகளில் பெரும்பாலானவை இந்த வகையில் சேரா; கம்பியில் வேலை செய்யும் ஊழியருக்கு ஆபத்து நேராதிருக்க, மின்தடை ஏற்பட்டதும் அவற்றின் இன்வெர்ட்டர்கள் தாமாகவே நின்றுவிடுவதால், பேட்டரி இல்லாத வீடு கொளுத்தும் வெயிலிலும் மின்சாரமின்றியே இருக்கும்.

தொகுப்பின் துணை சிறிதும் இல்லாமல், புதுப்பிக்கத்தக்க ஆற்றலைக் கொண்டே ஒரு முழுச் சமூகம் எவ்வாறு வாழ முடியும் என்பதை அறிய, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள் ஹெப்ரிடீஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள எக் தீவைப் போல் தெளிவான சான்று அதிகம் இல்லை. சுமார் 31 சதுர கிலோமீட்டர் பரப்பும், 393 மீட்டர் உயரமுள்ள அன் ஸ்கூர் என்னும் பாறைமுகடும், ஏறத்தாழ நூறு பேர் கொண்ட மக்கள்தொகையும் உடைய இத்தீவு பிரிட்டனின் மின்தொகுப்போடு ஒருபோதும் இணைக்கப்பட்டதில்லை. அவ்வளவு சிலருக்காகக் கடலடிக் கம்பி போடுவதற்கு ஆகும் செலவு தாங்கக்கூடியதாகவும் இல்லை. 2008 பிப்ரவரி வரை இங்கு வீடுகள் தத்தம் டீசல் ஜெனரேட்டரை நாளில் சில மணி நேரம் மட்டுமே ஓட்டின. எரிபொருள் படகில் வந்திறங்க வேண்டும், இரைச்சலையும் புகையையும் பொறுத்துக்கொள்ள வேண்டும், குளிர்பதனப் பெட்டியை நம்பி உணவை வைக்க முடியாது. ஓடைநீரில் இயங்கும் சிறு சுழலிகளை வைத்திருந்த சிலர் மட்டுமே ஓரளவு வசதியோடு இருந்தனர்.

மின்சாரத்தின் கதைக்கு முன்னால் நிலத்தின் கதை ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் விளங்காது. பல தலைமுறைகளாக இத்தீவு முழுவதும் தனிப்பட்ட ஒருவரின் உடைமையாகவே கைமாறி வந்தது; குடியிருப்போரில் பெரும்பாலோர் குத்தகைதாரர்கள், அவர்களுள் பலருக்கு நீண்டகாலக் குத்தகையும் கிடையாது. நாளை தாம் அங்கு இருப்போமா என்று அறியாதவர் தம் வீட்டுக் கூரையையே முழுதாகப் பழுதுபார்க்கத் தயங்கும்போது, முப்பது ஆண்டு பயன்தரக்கூடிய நீர்மின் நிலையத்தைப் பற்றி எண்ணியிருக்க வாய்ப்பில்லை. தீவுவாசிகள், உள்ளாட்சி அமைப்பான ஹைலேண்ட் மன்றம், ஸ்காட்டிஷ் காட்டுயிர் அறக்கட்டளை ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து அமைத்த எக் தீவு மரபுரிமை அறக்கட்டளை, பெருமளவு பொதுமக்கள் நன்கொடையைத் திரட்டி, 1997 ஜூன் 12 அன்று சுமார் 15 லட்சம் பவுண்டுக்குத் தீவை வாங்கியது. அந்த அறக்கட்டளைக்கே முழு உரிமையுள்ள எக் எலெக்ட்ரிக் என்னும் நிறுவனம் 2008 பிப்ரவரி 1 முதல் தீவு முழுமைக்கும் நாள் முழுதும் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. இந்த இரு தேதிகளுக்கும் இடையில் ஓடிய பத்தாண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தைத் தாமதம் என்று கருதுவது பொருந்தாது. ஒரு சமூகம் தன் நிலத்தைத் தானே ஆளக் கற்றுக்கொள்ள அவ்வளவு காலம் வேண்டியிருந்தது.

தீவின் உற்பத்தி மூன்று ஊற்றுகளிலிருந்து வருகிறது. 100 கிலோவாட் திறனுள்ள நீர்மின் நிலையம் ஒன்றும் மிகச் சிறியவை இரண்டும் மலையோடைகளில் இயங்குகின்றன. தலா 6 கிலோவாட் திறனுள்ள நான்கு சிறு காற்றாலைகள் உள்ளன. தொடக்கத்தில் 10 கிலோவாட் அளவில் இருந்த சூரியத் தகடுகள் பின்னர் 50 கிலோவாட்டாக விரிவாக்கப்பட்டன. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 184 கிலோவாட். நிலத்தடியில் புதைக்கப்பட்ட சுமார் 11 கிலோமீட்டர் கம்பி இவற்றை வீடுகளோடு இணைக்கிறது. மூன்றும் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யுமாறு அமைந்திருப்பதே இத்திட்டத்தின் அறிவுடைமை. குளிர்காலத்தில் அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வரும் புயல்கள் மழையையும் காற்றையும் அள்ளி வருவதால் ஓடைகள் நிறைந்து காற்றாலைகள் சுழல்கின்றன, ஆனால் பகற்பொழுது ஏழு மணி நேரத்துக்கும் குறைவாகச் சுருங்குவதால் சூரியத் தகடுகளால் பெரும்பயன் இல்லை. மே, ஜூன் மாதங்களில் மழை குறைந்து ஓடைகள் மெலியும்போது, பகல் பதினேழு மணி நேரத்துக்கு மேல் நீண்டு தகடுகள் கைகொடுக்கின்றன. ஒரே ஊற்றை நம்பியிருந்தால் ஆண்டில் பாதி நாள் டீசலையே தேட நேர்ந்திருக்கும்.

ஆயினும் ஊற்றுகள் பல இருப்பதால் மட்டும் தொகுப்பு உருவாகிவிடாது. நொடிக்கு நொடி சமநிலை காப்பவர் யார் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. எக் தீவில் இப்பணியைச் செய்பவை 48 வோல்ட் அளவிலான ஈய-அமிலப் பேட்டரித் தொகுதிகளும் அவற்றோடு பொருத்தப்பட்ட ஜெர்மானிய இன்வெர்ட்டர்களும் ஆகும். இன்வெர்ட்டர் என்பது பேட்டரியின் நேர்மின்சாரத்தை வீட்டுக் கருவிகளுக்கு வேண்டிய மாறுமின்சாரமாக மாற்றும் கருவி. மாறுமின்சாரம் பிரிட்டனிலும் இந்தியாவிலும் நொடிக்கு 50 முறை அலைவதையே 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் என்கிறோம். பேட்டரி நிறைந்து உற்பத்தி இன்னும் மிஞ்சும்போது இந்த இன்வெர்ட்டர்கள் அதிர்வெண்ணைச் சற்றே உயர்த்துகின்றன. அந்த உயர்வைத் தாமாகவே உணரும் மற்றக் கருவிகள் தம் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கின்றன. தனித் தகவல் கம்பியோ கட்டுப்பாட்டு அறையில் கண்விழித்திருக்கும் பணியாளரோ இன்றி, மின்கம்பியின் வழியாகவே செய்தி பரவிவிடுகிறது. மிஞ்சும் மின்சாரமும் வீணாவதில்லை: ஊர் மண்டபம், தேவாலயம் போன்ற பொதுக் கட்டடங்களில் உள்ள மின்வெப்பிகள் அதை எடுத்துக்கொண்டு அறைகளை இலவசமாகச் சூடாக்குகின்றன. ஈரம் நிறைந்த கடற்கரைக் காற்றில் கட்டடம் பூஞ்சை பிடிக்காமல் இருப்பதற்கே இச்சூடு பெரும் உதவி. மாறாக, பேட்டரியின் இருப்பு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் காப்பாக வைக்கப்பட்டுள்ள டீசல் ஜெனரேட்டர் தானே இயங்கத் தொடங்கும். பேட்டரி ஏறத்தாழ ஒரு நாள் தேவையைத் தாங்கவல்லது என்பதால் இது அடிக்கடி நேர்வதில்லை. ஆண்டுத் தேவையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர், காற்று, வெயில் ஆகியவற்றிலிருந்தே கிடைக்கிறது.

பொறியியலைக் காட்டிலும் வியப்புக்குரியது தீவுவாசிகள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட வரம்பு. எந்த வீடும் ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது; விடுதி, கடை போன்ற வணிக இடங்களுக்கு வரம்பு 10 கிலோவாட். இதன் பொருளை உணர, கிலோவாட்டுக்கும் மின்கட்டண அட்டையில் காணப்படும் யூனிட்டுக்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் அகலத்தைப் போன்றது கிலோவாட். நாள் முழுதும் பிடித்த நீரின் மொத்த அளவைப் போன்றது யூனிட். எக் தீவு குழாயின் அகலத்துக்கே வரம்பு விதித்தது. மொத்த அளவைக் கட்டணம் கவனித்துக்கொள்கிறது. தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கெட்டில் ஒன்றே 2 முதல் 3 கிலோவாட் வரை இழுக்கும். துணிதுவைக்கும் இயந்திரம் நீரைச் சூடாக்கும் வேளையில் ஏறக்குறைய 2 கிலோவாட் எடுக்கும். இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது நீர்வெப்பியையும் போட்டால் வரம்பு தாண்டிவிடும். தாண்டினால் இணைப்பு தானே துண்டிக்கப்படும். பராமரிப்புக் குழுவினர் வந்து, அதற்கொரு கட்டணமும் வாங்கிக்கொண்டு, மறுபடி இணைப்பார்கள். அந்தந்த நொடியில் எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்பதைக் காட்டும் சிறு கருவி வீடுகளில் வைக்கப்பட்டிருப்பதால் இந்நிலை வருமுன்பே எச்சரிக்கையாக இருக்க முடிகிறது.

கணக்கு எளியது. நாற்பது வீடுகள் ஒரே கணத்தில் தத்தம் 5 கிலோவாட்டையும் எடுத்தால் 200 கிலோவாட் வேண்டும், தீவின் மொத்த நிறுவுதிறனோ 184. அதிலும் வெயிலும் மழையும் காற்றும் ஒருசேரப் பொழியும் நாள் எதுவும் இல்லை. எல்லாரும் ஒரே கணத்தில் உச்ச அளவை எடுப்பதில்லை என்னும் பட்டறிவின்மேலும், அவ்வாறு எடுக்க நேரும்போது பேட்டரி சற்று நேரம் தாங்கும் என்னும் உறுதியின்மேலும் இந்த ஏற்பாடு நிற்கிறது. வரம்பு இல்லாதிருந்தால், சில வீடுகளின் பேராசைக்காக எல்லாருடைய செலவிலும் பெரிய நிலையம் கட்ட வேண்டியிருந்திருக்கும். செல்வமுள்ள வீட்டுக்கும் எளிய வீட்டுக்கும் ஒரே 5 கிலோவாட் என்னும் இந்த நியதியில் ஒரு நேர்மை இருக்கிறது. உற்பத்தி குன்றும் நாட்களில் மக்கள் தாமாகவே பயன்பாட்டைக் குறைத்துக்கொள்ளும்படி சிவப்பு அறிவிப்பு தரப்படுகிறது. அதற்குத் தண்டனை ஏதும் இல்லை, துணி துவைப்பதை நாளைக்குத் தள்ளிவைக்கச் சொல்லும் வேண்டுகோள் மட்டுமே.

இத்திட்டத்தைக் குறையற்றதாகக் காட்டுவது உண்மைக்குப் பொருந்தாது. சுமார் 16 லட்சம் பவுண்டு முதலீட்டில் பெரும்பகுதி ஐரோப்பிய வளர்ச்சி நிதியம், லாட்டரி நிதியம் முதலிய பொது மூலங்களிலிருந்து நல்கையாக வந்தது. நூறு பேர் கொண்ட தீவு தன் சேமிப்பைக் கொண்டு மட்டும் இதைக் கட்டியிருக்க இயலாது. ஈய-அமிலப் பேட்டரிகளுக்கு ஆயுள் வரம்புண்டு, உப்புக்காற்று காற்றாலைகளை அரிக்கும், தேய்ந்தவற்றை மாற்றும் பொறுப்பு தீவின் தலையிலேயே விழுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வடக்குக் குளிரில் ஒரு வீட்டின் ஆற்றல் தேவையில் பெரும்பங்கு வெப்பத்துக்கே போகிறது என்னும்போது, 5 கிலோவாட் அதற்குப் போதாது. அடுப்பிலும் கணப்பிலும் விறகும் நிலக்கரியும் எரிவாயுவும் எரிவது மின்சாரம் வந்த பின்னும் தொடர்ந்தது. மின்சாரத்தில் தன்னிறைவு என்பதும் ஆற்றலில் தன்னிறைவு என்பதும் வெவ்வேறு என்பதைத் தொகுப்புக்கு வெளியே வாழ விரும்புவோர் முதலிலேயே தெளிந்துகொள்வது நல்லது. எக் தீவின் உண்மையான வலிமை வேறிடத்தில் உள்ளது: சுழலியையும் இன்வெர்ட்டரையும் பராமரிப்பவர்கள் பயிற்சி பெற்ற தீவுவாசிகளே. படகு வராத புயல்நாளில் பழுது நேர்ந்தால், வெளியிலிருந்து எவரும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தமிழர் வாழும் நிலப்பரப்பிலும் இதே கேள்வியை எதிர்கொள்ளும் தீவுகள் உள்ளன. யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் இலங்கையின் தேசிய மின்தொகுப்போடு இணைக்கப்படாமல் டீசல் நிலையங்களையே நம்பி வந்தவை. இவற்றுக்கு 1,700 கிலோவாட் சூரிய மின்சாரமும் 530 கிலோவாட் காற்றாலை மின்சாரமும் 2,400 கிலோவாட்-மணி, அதாவது 2,400 யூனிட் சேமிக்கும் பேட்டரியும் காப்பாக 2,500 கிலோவாட் டீசல் ஜெனரேட்டர்களும் கொண்ட கலப்பு அமைப்பை இந்திய நல்கையுடன் நிறுவ 2024 மார்ச் மாதத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது. தட்டையான சுண்ணாம்புப் பாறை நிலமான இத்தீவுகளில் மலையோடைகள் இல்லாததால் எக் தீவின் முதுகெலும்பான நீர்மின்சாரத்துக்கு இங்கு இடமில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் கிட்டத்தட்ட சமமாக நீளும் பகற்பொழுதும் தென்மேற்குப் பருவக்காற்றும் அங்கில்லாத வாய்ப்புகள், குளிர்காய வேண்டிய தேவையும் இல்லை. இத்தகைய அமைப்பு நீடித்து இயங்க வேண்டுமானால், வீட்டுக்கு எவ்வளவு என்னும் வரம்பைப் பற்றித் தீவு மக்களோடு அமர்ந்து பேசுவதையும், பேட்டரி, இன்வெர்ட்டர் பராமரிப்பில் அங்கேயே குடியிருக்கும் இளைஞர்களுக்குப் பயிற்சி அளிப்பதையும் கருவிகள் படகிலிருந்து இறங்கும் முன்பே தொடங்கிவிட வேண்டும்.